ஆம்பூரில் ஒரு ஜோடி சத்தம்

நான் நடப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

போஸ்ட்மேன் இல்லை. பீட் கான்ஸ்டபிளும் இல்லை. சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். ஏ.ஸி.யை அணைத்துவிட்ட இருட்டு அறை (ஏ.ஸி. சத்தம் மைக்கில் விழும்). எதிரே திரையில் கதாநாயகர் நடக்கிறார். நானும் வியர்க்க விறுவிறுக்க நின்ற இடத்திலேயே நடக்கிறேன். அவருக்குக் கோடியில் சம்பளம். எனக்கு மாசாமாசம் ஏழாம் தேதி. ஆனால் தியேட்டரில் நீங்கள் கேட்கிற அந்த 'டக்... டக்...' அவருடையது இல்லை ஸார், அடியேனுடையது.

அவருடையது மட்டுமா? வில்லன், வில்லனின் அடியாட்கள் பன்னிரண்டு பேர், போலீஸ், கல்யாண வீட்டுக் கூட்டம், குதிரை எல்லாம் நான்தான். ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வருகிறாரே கதாநாயகி, பார்த்து நீங்கள் பெருமூச்சு விட்டீர்களே... அதுவும் நான்தான். மன்னிக்கவும்.

இந்த வேலைக்கு 'ஃபோலி' என்று பெயர். தமிழில் எழுதினால் 'போலி' ஆகிவிடுகிறது. மேற்கு மாம்பலத்தில் சொன்னால் 'தேங்காயா, பருப்பா?' என்று கேட்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ஜாக் ஃபோலி, ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டூடியோக்காரர். 1927-ல் 'ஜாஸ் சிங்கர்' வந்து சினிமா பேச ஆரம்பித்ததும், யுனிவர்சல் மௌனமாக எடுத்து வைத்திருந்த 'ஷோ போட்' படத்துக்கு அவசர அவசரமாகச் சத்தம் சேர்க்க வேண்டி வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே கைதட்டி, நடந்து, கதவு சாத்திச் சத்தம் சேர்த்த கோஷ்டியில் இருந்தவர் ஃபோலி. படம் 1929-ல் வந்தது. 1967-ல் சாகும்வரை அதே வேலை. திரையில் அவர் பெயரைப் போடுவது பெரும்பாலும் வழக்கமே இல்லை. இப்போது உலகம் பூராவும் அந்த வேலைக்கே அவர் பெயர்தான்.

நம் ஊருக்கு இது வந்த காரணம் வேறு. அவுட்டோரில் வெகுகாலம் நம்மவர்கள் ஓட்டிய ஆரி 2ஸி காமிரா, தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். அதன் பக்கத்தில் நின்று காதல் வசனம் பேசினால் அது மைக்கில் எப்படி விழும்? எனவே எல்லாவற்றையும் பிறகு டப்பிங்கில் பேசினார்கள். பேச்சைத் திரும்பப் பேசலாம். நடையை? அதைத் திரும்ப நடக்க ஓர் ஆள் வேண்டும்.

2001-ல் 'லகான்', 2004-ல் 'விருமாண்டி' என்று படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்த படங்களும் வந்தன. எங்கள் பிழைப்பு போச்சு என்று பயந்தார்கள். போகவில்லை. மைக் வாயைப் பார்த்து நீட்டப்படுகிறது, காலைப் பார்த்து இல்லை. தவிரவும், ஒரே படம் தெலுங்கிலும் ஹிந்தியிலும் போகிற காலம். தமிழ் வசனத்தை உருவினால் அதோடு ஒட்டிய காலடிச் சத்தமும் போய்விடும். அப்புறம் ஹிந்தியில் ஹீரோ பேய் மாதிரி மிதந்துதான் வருவார்.

சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். என் கால் இரண்டு ஃப்ரேம் பிந்தினால் போதும், 'என்னமோ இடிக்குதே' என்று உங்களுக்குத் தோன்றும். என்ன இடிக்கிறது என்று தெரியாது. அதாவது நான் தப்பு செய்தால் மட்டும் நான் இருப்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு உத்தியோகம்.

* * *

ஆம்பூர் போன கதைக்கு வருகிறேன்.

ஒரு படம். 1960-களில் நடக்கும் கதை. ஒரு தலைமை ஆசிரியர் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்து வருகிறார். முகத்தைக் காட்டுவதில்லை. சத்தம் மட்டும். அதைக் கேட்டு ஒவ்வொரு வகுப்பாக அடங்குகிறது. முழுசாக ஐம்பது விநாடி.

கம்ப்யூட்டரில் இப்போது ஆயிரக்கணக்கான காலடிச் சத்தம் தயாராக இருக்கிறது. எங்கள் முதலாளி அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டினார். டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஸார், இவர் திண்டிவனத்து வாத்தியார். சிகாகோவிலேர்ந்து வர்ற மாதிரி நடக்கிறாரே?" என்றார்.

என்னிடம் அதற்கான ஷூ இருந்தது. என் குரு கொடுத்தது. கறுப்பு, கயிறு கட்டுகிற ரகம், அடியில் ரப்பரே இல்லாத முழுத் தோல் சோல். முப்பது வருஷம் அதில் அவர் நடந்து, ஓய்வு பெற்றபோது "கால் ஒண்ணா இருக்குடா உனக்கும் எனக்கும், எட்டாம் நம்பர்" என்று என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு விசேஷம். இடது காலை எடுத்து வைக்கும்போது லேசாக 'க்ரிச்' என்று ஒரு முனகல். தலைமை ஆசிரியர்களுக்கென்றே ஆண்டவன் செய்த ஷூ.

மைக் முன்னால் நான்கு அடி வைத்தேன். இடது சோல் நடுவில் அப்பளம் மாதிரி உடைந்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம். இல்லேன்னா லைப்ரரிதான்" என்றார் முதலாளி. அவர் 'லைப்ரரி' என்று சொன்னபோது என்னைப் பார்த்த பார்வையில், அந்த ஒரு ஸீன் மட்டும் இல்லை, இனி வரப்போகிற ஏழாம் தேதிகளும் இருந்தன.

வெள்ளிக்கிழமை. செருப்பு தைக்கிறவர்கள் நாலு பேரிடம் காட்டினேன். நாலு பேரும் ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்றார்கள். ரப்பர் ஒட்டினால் தலைமை ஆசிரியர் பூனை ஆகிவிடுவார். நாலாமவர்தான் சொன்னார், "ஆம்பூர் பக்கம் போய்ப் பாருங்க ஸார். தோலுக்கு அவங்கதான்."

* * *

சனிக்கிழமை காலை பெங்களூர் போகும் ரயில். பையில் உடைந்த ஷூ, சின்ன ஒலிப்பதிவுக் கருவி, ஒரு ஜோடி கொட்டாங்கச்சி (குதிரைக்கு. அது எப்போதும் பையிலேயே கிடக்கும்). அரக்கோணம் தாண்டி சோளிங்கர், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், அப்புறம் ஆம்பூர். வாலாஜா ரோடில் இறங்கினால் ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும். ஆம்பூரைத் தாண்டினால் வாணியம்பாடி. அந்தப் பக்கம் பேரணாம்பட்டு. எல்லாம் தோல் ஊர்கள். ஒரே மாவட்டமாக இருந்ததை 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். தோலைப் பிரிக்க முடியவில்லை, மூன்றிலும் இருக்கிறது.

ஆம்பூர் வருவதை போர்டு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். மூக்கு சொல்லும். சுண்ணாம்பு, உப்பு, ஈரத்தோல் மூன்றும் கலந்த ஒரு வாசனை. பத்து நிமிஷம் கழித்துப் பழகிவிடுகிறது. அதற்குள் இன்னொரு வாசனை வந்து அதை அடக்கிவிடும். அதைப் பற்றிப் பிறகு.

இந்த ஊர்களில் அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறப்போட்டுப் பதம் பண்ணிக் கப்பலேற்றினார்கள். பாதி பதம் பண்ணிய தோல் இங்கிருந்து போகும், சீமையில் ஷூவாகி விற்கும். 1970-களின் தொடக்கத்தில், பச்சைத் தோலும் பாதித் தோலுமாக அனுப்பியது போதும், முழுசாகச் செய்து அனுப்புங்கள் என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. அப்புறம்தான் ஷூ ஃபாக்டரிகள் பெருகின. இன்று ஐரோப்பாவில் பனியில் நடக்கிற கால்களில் கொஞ்சம் ஆம்பூர்தான்.

நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக ஷூக் கடைகள். ஒன்றில் நுழைந்தேன். நான் ஷூவை எடுத்த விதத்திலேயே கடைப்பையனுக்குச் சந்தேகம். எல்லோரும் மேல்பக்கம் பார்ப்பார்கள். நான் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். கடையின் டைல்ஸ் தரையில் தட்டினேன். காதில் வைத்துக் கேட்டேன்.

"ஸார்... அது ஃபோன் இல்ல" என்றான்.

எல்லாமே மெத்து மெத்தென்ற சோல். நடந்தால் சத்தமே கிடையாது. "அதான் ஸார் குவாலிட்டி!" என்றான் பெருமையாக.

வந்ததற்கு இன்னொரு காரியமாவது முடியட்டும் என்று மெதுவாகக் கேட்டேன். "லேடீஸ் ஹீல்ஸ் இருக்கா? 42 சைஸ்?"

சென்னையில் நாற்பது, நாற்பத்தொன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் எட்டாம் நம்பர் காலுக்கு ஐரோப்பியக் கணக்கில் 42 வேண்டும். அவ்வளவு பெரிய பாதம் ஐரோப்பாவில் பெண்களுக்கும் உண்டு என்பதால் ஏற்றுமதியில் மிஞ்சியது இங்கே கிடைக்கும் என்பது என் கணக்கு. கிடைத்தது. நல்ல கறுப்பு, மூன்று அங்குலக் குதிகால்.

"வீட்டுல அவங்களுக்கா ஸார்?" என்றான் பையன், கொஞ்சம் மிரண்டு.

"எனக்கு" என்று சொல்லி, அங்கேயே போட்டு நாலு அடி நடந்து பார்த்தேன். 'டிக்... டிக்...' பிரமாதம். பையன் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

* * *

தெரிந்தவர் ஒருவர் சொல்லி வைத்திருந்ததால் ஒரு ஃபாக்டரியைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேன்களில் வந்து இறங்கிய பெண்கள் வரிசை வரிசையாக மிஷின்களில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார்கள். கையும் காலும் ஒரே தாளம்.

தோலை அச்சு வைத்து வெட்டுகிற முதல் பிரிவுக்கு 'கிளிக்கிங்' என்று போர்டு போட்டிருந்தது. "இதென்ன பெயர், காமிரா மாதிரி?" என்று கேட்டேன். சூபர்வைசர் சொன்னார்: "அந்தக் காலத்துல கையால, வளைஞ்ச கத்தி வெச்சு வெட்டுவாங்க ஸார். தோலைவிட்டுக் கத்தி வெளிய வர்றப்ப 'கிளிக்'குனு ஒரு சத்தம் வருமாம். அந்த சத்தமே பேரா நின்னுட்டதா சொல்லுவாங்க. இப்ப மிஷின் அழுத்திடுது. கிளிக்கெல்லாம் இல்ல, பேரு மட்டும் இருக்கு."

எனக்குப் புல்லரித்தது. சத்தம் போய் நூறு வருஷமானாலும் ஒரு டிபார்ட்மெண்ட்டே அதன் பெயரில் நடக்கிறது! ஜாக் ஃபோலி மாதிரிதான்.

கடைசியில் ஒரு மூலையில் தள்ளுபடியான ஷூக்கள். தையல் கோணல், சாயம் திட்டு. ஒரு ஜோடியில் மட்டும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"இதுக்கென்ன?"

"சத்தம் போடுது ஸார். நடந்தா க்ரிச் க்ரிச்னு. பையர் வாங்க மாட்டான்."

திருடனுக்கு கஜானா காட்டிய மாதிரி நின்றேன். ஆனால் அதுவும் ரப்பர் சோல். என் உடைந்த ஷூவை எடுத்துக் காட்டினேன். சூபர்வைசர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பழைய வேலை. பஜாருக்குள்ள ஒரு பெரியவர் இருக்கார். இங்கெல்லாம் லாஸ்டிங்ல முப்பது வருஷம் இருந்தவர். அவர் பண்ணுவார்" என்று வழி சொன்னார்.

* * *

பஜாரில் சந்துக்குள் சந்து. ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் கடை. பெரியவர் மூன்று கால் இரும்பில் ஒரு செருப்பைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற மாதிரி ஒரு பெண், பேத்தி, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, வணக்கம்" என்றேன். நிமிரவில்லை. பேத்தி அவர் முழங்காலைத் தொட்டதும்தான் நிமிர்ந்தார்.

ஷூவைக் கொடுத்தேன். கண்ணால் பார்ப்பதற்கு முன் கட்டை விரலால் தடவினார். "பட்டையில பதம் பண்ண தோலு. இப்ப வர்றது வேற மருந்து, மெத்துனு இருக்கும். இது இன்னா வயசு இருக்கும்?"

"முப்பதுக்கு மேல ஐயா."

"செத்துப்போச்சு தம்பி. அடி மாத்தணும். அந்த மாதிரி தோலு ஒரு துண்டு கீது எங்கிட்ட." பின்னால் திரும்பித் தகரப் பெட்டியிலிருந்து பழுப்பாக, பலகை மாதிரி ஒரு துண்டை எடுத்தார். விரலால் சுண்டினேன். 'டங்' என்றது. இதேதான்!

அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஐயா, இன்னொண்ணு. இடது கால்ல மட்டும் ஒரு சத்தம் வரும். க்ரிச்சுனு. அது மறுபடியும் வரணும்."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியைப் பார்த்தார். அது உரக்கத் திருப்பிச் சொன்னது. "சத்தம் வரணுமாம் தாத்தா. நிறுத்த வாணாமாம்."

பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"முப்பது வருசமா சத்தம் வராம பண்றதுக்கு சம்பளம் வாங்கினேன். உள் அட்டையும் அடித்தோலும் ஒண்ணோட ஒண்ணு ஒரசினா கத்தும். நடுவுல ஒரு இரும்புப் பட்டை வெப்பாங்க, அது லூசா இருந்தாலும் கத்தும். பவுடர் போடுவோம், பசை போடுவோம். கத்துற ஷூவைக் கொண்டாந்து மூஞ்சில அடிப்பான் மேனேஜர். நீ இன்னாடான்னா காசு குடுத்து கத்த வெக்கச் சொல்றே. இன்னா வேலை தம்பி உனுக்கு?"

சொன்னேன். சினிமா, இருட்டு அறை, வாத்தியார், வராந்தா எல்லாம். பேத்தி ஒவ்வொரு வரியாக அவர் காதருகில் சொன்னது. கொட்டாங்கச்சியை எடுத்துக் குதிரை ஓட்டிக் காட்டினேன். சந்தில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பேத்தி கைதட்டியது. பெரியவர் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எடது காது போயி பதினஞ்சு வருசம்" என்றார் அவரே. "வலது பாதி. நாள் முழுக்க மிஷினு, சுத்தி. அப்பல்லாம் காதுக்கு ஒண்ணும் வெச்சுக்க மாட்டோம், யாரும் குடுக்கவும் இல்ல. கத்துற ஷூவை நான் காதுல கண்டுபிடிக்கிறது இல்ல தம்பி. தோ..." என் கட்டை விரலைப் பிடித்து ஷூவின் நடுவில் வைத்து வளைத்தார். தோலுக்கு அடியில் ஒரு சின்ன நடுக்கம் விரலில் ஏறியது. "இதான் சத்தம்."

பத்தொன்பது வருஷமாகச் சத்தத்தில் வேலை செய்கிறேன். சத்தத்தைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"தோலு ஊறணும். மூணு மணி நேரம் கழிச்சு வா. சாப்ட்டுட்டு வா" என்றார்.

* * *

ஆம்பூரில் 'சாப்பிட்டுவிட்டு வா' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சீரக சம்பா அரிசி, கத்திரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. முன்னே சொன்ன இரண்டாவது வாசனை இதுதான். சுற்றிலும் இலைச் சத்தம், தம்ளர் சத்தம், 'இன்னொரு குஸ்கா' சத்தம். பழக்க தோஷத்தில் கருவியை ஆன் பண்ணிப் பதிவு செய்தேன். முதல் அரை நிமிஷம் நன்றாக வந்திருக்கிறது. அப்புறம் நான் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

பிறகு பாலாற்றுக்கு நடந்தேன். ஆறு என்றால் எங்கள் ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் டப்பும் ஒரு மக்கும். இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதிதான். நான் போனபோது மணல், முள், நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

தோல் கழிவு இந்த ஆற்றையும் கிணறுகளையும் கெடுக்கிறது என்று வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, வட ஆற்காடு உள்பட ஐந்து மாவட்டங்களில் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காகக் கடிந்துகொண்டது. ஊருக்குச் சோறு போடுவதும் தோல்தான், தண்ணீரைக் கெடுத்ததும் தோல்தான். கரையில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். "ரெண்டும் நெசம்தான் ஸார். நாங்க எதை விடறது?" என்றார். பதில் தெரியாமல் மணலில் கொஞ்சம் நடந்தேன். 'சரக்... சரக்...' அதைப் பதிவு செய்துகொண்டேன். ஆற்றின் சத்தம் என்று அதற்குத் தலைப்புப் போட மனசு வரவில்லை.

* * *

திரும்பி வந்தபோது பெரியவர் ஊறிய தோலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். சும்மா இல்லை, ஓரத்திலிருந்து நடுவுக்கு, இடைவெளி விடாமல். "தட்டத் தட்ட நாரு எறுகும். எறுகினாதான் டங்குனு பேசும்" என்றார். கையாலேயே தைத்தார். வலது காலுக்குப் பவுடர் தூவினார். இடது காலுக்குத் தூவவில்லை. நடுவில் ஓர் இடத்தில் பசை விட்டுவைத்தார். வளைத்து, கட்டை விரலால் கேட்டார். கொஞ்சம் பிரித்தார். மறுபடி கேட்டார்.

"ரெண்டுலயும் வெச்சா இன்னும் நல்லா இருக்காதா ஐயா?" என்று பேத்தி வழியாகக் கேட்டேன்.

"வாணாம். ஒரு காலு கத்தினா அது வாத்தியாரு. ரெண்டும் கத்தினா அது வாத்து."

போட்டு நடந்தேன். கடை வாசலில் சிமெண்ட் தரை. டக்... க்ரிச். டக்... க்ரிச். என் குரு எதிரே வருகிற மாதிரி இருந்தது. கண்ணில் ஏதோ தூசி.

சோலுக்கும் தையலுக்கும் காசு வாங்கினார். சத்தத்துக்கு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "அது ரிஜெக்ட் மாலு தம்பி. அதுக்கு யாரு பில்லு போடுவாங்க?" பேத்தி மட்டும் கடை நம்பரை எழுதிக் கொடுத்தது. "படம் வந்தா சொல்லுங்க அண்ணே."

* * *

பஸ்ஸில் வேலூர் வந்தபோது சாயங்காலம். ஷூவைக் கல்லில் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. கல்லுக்கு வேலூர்க் கோட்டையைவிட நல்ல இடம் ஏது? 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் இங்கேதான் கிளம்பினார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த புதுத் தலைப்பாகையில் தோலால் ஒரு குஞ்சம் இருந்தது அவர்கள் கோபத்துக்கு ஒரு காரணம். தோல் விவகாரம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

ஆள் நடமாட்டம் குறைந்த ஓரத்தில், கருவியைத் தரையில் வைத்து இருபது அடி போனேன், வந்தேன். போனேன், வந்தேன். ஏழாவது தடவை எதிரே ஒரு கான்ஸ்டபிள்.

"யாருய்யா நீ? ஒரே இடத்துல எத்தினி வாட்டி நடப்பே? பையில இன்னா?"

பையைத் திறந்தேன். மூன்று அங்குல ஹை ஹீல்ஸ். 42 சைஸ்.

"இது யாருது?"

"என்னுது ஸார்."

நீண்ட மௌனம். அந்த மௌனத்தையும் கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. பிறகு கொட்டாங்கச்சி வெளியே வந்தது. வேறு வழியில்லாமல் கோட்டை வாசலில் ஒரு குதிரை ஓட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"அப்ப படத்துல போலீஸ் பூட்ஸ் சத்தம்?"

"நான்தான் ஸார்."

"யோவ், நாங்க அப்படித் தடதடன்னா வர்றோம்? வர்றது கேட்டுட்டா எவன்யா நிப்பான்? மெதுவா நடய்யா!"

* * *

திங்கட்கிழமை. ஏ.ஸி.யை அணைத்தார்கள். ஐம்பது விநாடி. டக்... க்ரிச். திரையில் ஒவ்வொரு வகுப்பாக அடங்கியது. முடிந்ததும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டைரக்டர் திரும்பியே பார்க்காமல் "அடுத்த ரீல்" என்றார். எங்கள் தொழிலில் இதுதான் பூச்செண்டு. முதலாளி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்டால் முதுகு வலி என்பார்.

இரவு அந்த நம்பருக்குப் போன் செய்தேன். பேத்தி எடுத்தது. "தாத்தாகிட்ட சொல்லும்மா. நல்லா வந்திருக்கு. படம் வந்ததும், வாத்தியார் வராந்தாவுல வர்ற எடம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரால் அதைக் கேட்க முடியாதே.

அந்தப் பக்கம் பேத்தி உரக்கச் சொல்வது கேட்டது. பெரியவர் ஏதோ சொன்னார். பேத்தி சிரித்தது.

"தாத்தா தியேட்டருக்கு என்னையும் கூட்டிக்கினு போறாராம் அண்ணே. வாத்தியார் நடக்கிறப்ப ஒவ்வொரு அடிக்கும் அவர் கையில தட்டணுமாம்."

"தட்டும்மா. இடது காலுக்கு மட்டும் லேசாக் கிள்ளு" என்றேன்.